வாசல் தரையில் ஊரின் வரலாறு

பெருநாள் தொழுகை முடிந்தது. உற்றார் உறவினர் இல்லங்களுக்குச் சென்று ஸலாம் உரைத்து, விருந்தும் உண்டாயிற்று. அதன் பின் நம் வீட்டுப் பிள்ளைகள் பொழுதை எப்படிக் கழிக்கின்றனர் என்று கவனித்ததுண்டா, அன்புச் சகோதரிகளே? ஆளுக்கொரு மூலையில், ஆளுக்கொரு கைப்பேசியுடன் அமர்ந்துவிடுகின்றனர். திண்ணையில் பாட்டனார் தனித்திருக்கிறார். அவர் நெஞ்சில் உறங்கும் ஊர்க்கதைகளைக் கேட்பார் இல்லை.

பிள்ளைகளையும் பெரியவர்களையும் ஒரே இடத்தில் கூட்டிவைக்கும் எளிய வழி ஒன்றை இங்கே எடுத்துரைக்க விழைகிறோம். ஊரில் எஞ்சியிருக்கும் பழைய வீடு ஒன்றின் முன்னால், தெருத் தரையில், சாக்பீஸ் கொண்டு பிள்ளைகள் சித்திரம் வரையட்டும். பெரியவர்கள் அருகில் அமர்ந்து அவ்வீட்டின் கதையைச் சொல்லட்டும். செலவு சொற்பம். பயனோ பெரிது.

கோட்டையும் வீடுகளும்

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், பழவேற்காடு ஏரிக்கரையில் அமைந்த மீனவ ஊர்களுள் ஒன்று கோட்டைக்குப்பம். அதன் பெயரே வரலாறு பேசுகிறது. 1613-ஆம் ஆண்டில் டச்சுக்காரர் இங்கே 'கெல்டிரியா' என்னும் கோட்டையை எழுப்பினர். 1690-இல் நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரை, சோழமண்டலக் கரையில் அவர்தம் வணிகத்தின் தலைமையிடம் இதுவே. 1825-இல் ஊர் ஆங்கிலேயர் வசமாயிற்று. இன்று கோட்டை இருந்த இடத்தில் மண்மேடும் புதரும் அகழியுமே எஞ்சியுள்ளன.

டச்சுக்காரரின் பழைய கல்லறைத் தோட்டம் மட்டும் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் நிற்கிறது. அதன் கற்களில் செதுக்கிய எழுத்துகளைக் காண இன்றும் பலர் வருகின்றனர். நல்லதுதான். ஆனால் அரபு நாட்டிலிருந்து மரக்கலம் ஏறி வந்தவர்கள் எனத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் நம் முன்னோர் வாழ்ந்த வீடுகளைக் காப்பது யார்? கடற்கரை முஸ்லிம் ஊர்கள் பலவற்றில் பழைய வீடுகள் இடிக்கப்பட்டு, தூணும் கதவும் விலைபோய்க் கொண்டிருக்கின்றன. சட்டம் காக்காத வீட்டை அதன் மீது கொண்ட அன்புதான் காக்க வேண்டும். அறியாத பொருள் மீது பிள்ளைகளுக்கு அன்பு எங்ஙனம் பிறக்கும்?

பிற நாடுகளில்

தரைச் சித்திரத்தை ஊர் கூடிக் கொண்டாடும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. இத்தாலியின் கிராட்சியே என்னும் சிற்றூரில், பழைய தேவாலயத்தின் முன்றிலில் 1973 முதல் ஆண்டுதோறும் தரை ஓவியர்கள் கூடுகின்றனர். அமெரிக்காவின் சாண்டா பார்பராவில் 1987-இல் தொடங்கிய விழாவும் ஒரு பழைய திருச்சபைக் கட்டடத்தின் முன்னால்தான் நடைபெறுகிறது. பள்ளிப் பிள்ளைகளின் கலைக் கல்விக்கு அவ்விழா நிதி திரட்டித் தருகிறது. பழைய கட்டடம் ஒன்று பூட்டிக் கிடந்தால் பாழாகும். மக்கள் கூடினால் வாழும். அவ்விழாக்களில் நாம் கொள்ளத்தக்க பாடம் இது.

மார்க்கம் என்ன சொல்கிறது?

"வாசலில் கோலம் இடுவது நம் வழக்கமன்றே?" என்று சில தாய்மார்கள் தயங்கலாம். நியாயமான கேள்விதான். வைகறையில் வாசலில் கோலமிடுவது நம் அண்டை வீட்டார் போற்றும் வழக்கம். அதனோடு அவர்தம் நம்பிக்கைகளும் பிணைந்துள்ளன. நாம் கூறுவது அதுவன்று. மங்கலம் வரும், தீமை விலகும் என்ற எண்ணம் எதுவும் இதில் இல்லை. இது பிள்ளைகளுக்கு ஒருநாள் பாடம்.

தரையில் கோடு வரைந்து பாடம் புகட்டிய முன்மாதிரியோ நம் பெருமானார் (ஸல்) அவர்களிடமே உள்ளது. அவர்கள் ஒரு சதுரம் வரைந்து, அதன் நடுவிலிருந்து வெளியே நீளும் ஒரு கோட்டையும், நடுக்கோட்டை நோக்கிச் சிறு கோடுகள் பலவற்றையும் வரைந்து காட்டியதாக இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி புகாரியில் இடம் பெற்றுள்ளது. சதுரம் மனிதனைச் சூழ்ந்த ஆயுட்காலம். வெளியே நீள்வது அவனது ஆசை. சிறு கோடுகள் அவனைத் தாக்கும் சோதனைகள். எத்துணை எளிய படம்! எத்துணை ஆழ்ந்த பாடம்! அவ்வாறே நான்கு கோடுகளைத் தரையில் வரைந்து, சுவனத்துப் பெண்களில் சிறந்தோரான கதீஜா, ஃபாத்திமா, மர்யம், ஆசியா ஆகியோரைக் கூறிய செய்தியை முஸ்னத் அஹ்மதில் காண்கிறோம்.

எனினும் மூன்று எல்லைகளை மறத்தலாகாது.

முதலாவது, அல்லாஹ்வின் திருப்பெயரையோ, திருமறை வசனத்தையோ, நாயகத்தின் (ஸல்) பெயரையோ தரையில் எழுதக் கூடாது. "பெருநாள் வாழ்த்து" என்று எழுதும் ஆர்வத்தில் பிள்ளைகள் பிஸ்மில்லாஹ்வையும் எழுதிவிடுவார்கள். அது பின்னர் காலடியில் மிதிபடும். வாழ்த்துப் பலகையை உயரே கட்டிவிடுங்கள்.

இரண்டாவது, உயிருள்ளவற்றின் உருவம் வேண்டாம். உருவம் வரைந்து பிழைப்பு நடத்திய ஒருவருக்கு, மரங்களையும் உயிரற்ற பொருள்களையும் வரையுமாறு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வழிகாட்டினார்கள். ஏரிக்கரைப் பிள்ளை பூநாரையை வரையத்தான் ஆசைப்படும். அதட்டாதீர்கள். ஈர மணலில் அப்பறவை பதித்துச் செல்லும் காலடித் தடத்தை வரையச் சொல்லுங்கள். உற்று நோக்கும் பழக்கமும் வளரும்.

மூன்றாவது, பாதைக்குரிய உரிமையைப் பேண வேண்டும். வழியில் கிடக்கும் இடையூற்றை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று கற்ற நாம், வழியை மறிக்கலாமா? மீன்கூடை சுமந்து வருபவரும் முதியவரும் செல்லப் பாதித் தெருவை விட்டுவிடுங்கள். ஐயம் எழுந்தால் உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

எதை வரைவது?

நம் ஊரிலேயே வடிவங்கள் நிறைந்து கிடக்கின்றன.

ஆடவர் உடுத்தும் கைலியை விரித்துப் பாருங்கள். 'பளையக்காட்' என்னும் பெயர் பழவேற்காட்டின் பெயரிலிருந்து வந்ததே. இக்கரையின் கட்டம் போட்ட துணி கடல் கடந்து பெரும்புகழ் பெற்றது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நெசவாளரும் அதைப் பார்த்துக் கைக்குட்டை நெய்து, இவ்வூரின் பெயராலேயே விற்றனர். அந்தக் கட்டங்களைத் தரையில் வரைவது ஏழு வயதுப் பிள்ளைக்கும் எளிது.

அடுத்து, பனையோலைக் கூடை. பழவேற்காட்டு முஸ்லிம் பெண்களின் கைத்திறனுக்குச் சான்று அது. ஓர் ஓலை மேலே, ஓர் ஓலை கீழே என மாறி மாறிச் செல்லும் பின்னலை உம்மாவே சொல்லித்தர, மகள் வரையட்டும். மூன்றாவது, மீன்வலையின் கண்கள். வலை பின்னத் தெரிந்த மீனவப் பெரியவரை அழைத்து வந்து காட்டச் சொன்னால், அண்டை அயலாரும் விழாவில் பங்கு பெறுவர்.

வளர்ந்த பிள்ளைகள் எண்முனை விண்மீன் வரையலாம். ஒரு சிறுவன் கயிற்றின் ஒரு முனையைத் தரையில் அழுத்திப் பிடிக்க, இன்னொருவன் மறுமுனையில் சாக்பீஸைக் கட்டிச் சுற்றி வந்தால் வட்டம் கிடைக்கும். மையத்தின் வழியே செங்குத்தாக இரு கோடுகள் வரைந்தால் வட்டத்தில் நான்கு புள்ளிகள் அமையும். அவற்றுக்கு நடுவே மேலும் நான்கு புள்ளிகள் குறியுங்கள். ஒன்றுவிட்டு ஒன்றாக இணைத்தால் இரு சதுரங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தி நிற்கும். உலகெங்கும் பள்ளிவாசல்களை அழகு செய்யும் வடிவம் அதுவே. செங்கோணம் பிசகாதிருக்க, 3, 4, 5 சாண் அளவில் முடிச்சிட்ட கயிற்றை முக்கோணமாக இழுத்துப் பிடித்தால் போதும்.

பழவேற்காட்டுச் சின்னப் பள்ளிவாசலில் சூரியக் கடிகாரம் ஒன்று உண்டு. அதைக் காட்டிவிட்டு, தெருவில் ஒரு கழியை நட்டு, காலை முதல் அதன் நிழல் முனையைச் சாக்பீஸால் குறித்து வரச் சொல்லுங்கள். லுஹர் எப்போது நுழைகிறது, அஸர் எப்போது நுழைகிறது என்பதைப் பிள்ளைகள் தம் கண்ணாலேயே கண்டறிவர்.

செய்முறைக் குறிப்புகள்

தெருவுக்குத் தடித்த சாக்பீஸே ஏற்றது. வீட்டிலேயே செய்யலாம். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மாவு இரண்டு பங்கு, தண்ணீர் ஏறத்தாழ ஒன்றரைப் பங்கு, நீரில் கரையும் வண்ணம் சிறிது. இவற்றைக் கலக்கி, அடியை ஒட்டிய தடித்த காகிதக் குழாய்களில் ஊற்றுங்கள். கெட்டியானதும் காகிதத்தை உரித்து, இரண்டு மூன்று நாள்கள் உலர விடுங்கள். மாவு இறுகும்போது சூடேறும். ஆதலால் பெரியவர்களே கலக்க வேண்டும். மிஞ்சியதைச் சாக்கடையில் கொட்டினால் அடைத்துக்கொள்ளும்.

பழைய வீட்டின் சுவர், திண்ணை, தூண் ஆகியவற்றில் ஒரு கோடும் விழலாகாது. சுண்ணாம்புப் பூச்சு வண்ணத்தை உறிஞ்சிக்கொள்ளும். கறை நீங்காது. காக்க வந்தவர்களே கெடுத்தவர்களாகிவிடக் கூடாது. எண்ணெய் வண்ணமும் வேண்டாம். வெயில் தாழ்ந்து, அஸர் தொழுகைக்குப் பின் வரையத் தொடங்கி, மஃரிப் பாங்கிற்கு முன் முடித்துவிடுங்கள். பெருநாள் அன்றி, உலக மரபுச் சின்ன நாளான ஏப்ரல் 18-ஐயும் தேர்ந்தெடுக்கலாம்.

இறுதியாக ஒன்று. வரையும் பிள்ளைகளுக்கு நடுவே ஒரு குறிப்பேடு இருக்கட்டும். இவ்வீட்டைக் கட்டியவர் யார்? கதவுக்கு மரம் எங்கிருந்து வந்தது? இங்கிருந்து எந்தத் துறைமுகங்களுக்குச் சென்றனர்? 2004 ஆழிப்பேரலையின்போது தெரு என்ன ஆயிற்று? பாட்டனார் சொல்லச் சொல்லப் பேரப்பிள்ளை எழுதட்டும். தரையில் வரைந்தது ஒரு மழைக்குக் கரைந்துவிடும். ஏட்டில் எழுதியது அந்த வீட்டுக்கு ஒரு சாட்சியாக நிற்கும். நாளை அவ்வீட்டை விற்பதா, காப்பதா என்ற கேள்வி எழும்போது, அந்த ஏட்டை எழுதிய கைதான் முதலில் தயங்கும்.

வரும் பெருநாளில் உங்கள் தெருவிலும் இதனைச் செய்து பாருங்கள். நம் முன்னோரின் நற்சுவடுகளை நம் மக்கள் அறிந்து பேணிட வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.