உப்புக்காற்றில் ஓடும் இயந்திரங்கள் – 6: சிலோ நிற்காத வண்டி

சோளகம் வீசும் மாதங்களில் குறிகட்டுவான் இறங்குதுறையில் நிறுத்திவைத்த மோட்டார் சைக்கிளின் இருக்கையை விரலால் தடவி நாக்கில் வைத்தால் கரிக்கும். யாழ்ப்பாணத்தில் பண்ணையைத் தாண்டி, அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை, புங்குடுதீவு என்று சுமார் 30 கிலோமீட்டர் ஓடிவந்த வண்டிகள் அங்கே நிற்கும். நயினாதீவுக்குப் போகிறவர்களில் பலர் வண்டியைத் துறையில் விட்டுவிட்டுத்தான் படகேறுவார்கள். நாகபூஷணி அம்மனுக்கு ஆனித் திருவிழா நடக்கும் நாட்களில் வண்டி விட இடம் தேடி அலைய வேண்டியிருக்கும். திருவிழா நடப்பதும் சோளகம் உரத்து வீசுவதும் ஒரே காலம்.

பூசை முடிந்து, அன்னதானச் சாப்பாடும் முடிந்து, பின்னேரம் திரும்பி வந்து ஸ்டார்ட் செய்யும்போது சில வண்டிகள் நாலு தரம் துடித்துவிட்டு அடங்கிப்போகும். முறுக்கிப் பிடித்தால் உறுமும். கையை விட்டால் நின்றுவிடும். தீவுப் பக்கத்தில் இதற்கு ஒரே பேச்சுத்தான்: “சிலோ நிக்குதில்லை.”

சென்ற வாரம் சங்கிலியில் ஏறும் துருவைப் பார்த்தோம். துரு கண்ணுக்குத் தெரியும். இந்த வாரத்துக் கோளாறைக் காதால்தான் பிடிக்கவேண்டும்.

இப்போது தீவுகளில் ஓடும் வேகவண்டிகள் பெரும்பாலும் கைமாறி வந்தவை. 2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறக்க 2025 பெப்ரவரி ஆனது. அந்த ஐந்து வருடமும் பல்சர் 220 வேண்டும், யமஹா ஆர்15 வேண்டும் என்று ஆசைப்பட்ட இளைஞர்களால் பழையதைத்தான் வாங்க முடிந்தது. விலையோ ஏறிக்கொண்டே போனது. நடுவில் 2022இன் பொருளாதார நெருக்கடி வந்தது. ஜூன் கடைசியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய். எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூ.ஆர். அட்டை நடைமுறைக்கு வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிடைத்தது வாரத்துக்கு 4 லீற்றர். அதற்கு முன்பு பெற்றோலே இல்லாமல் வாரக்கணக்கில் வீட்டு விறாந்தையில் நின்ற வண்டிகள் ஏராளம். இன்று சிலோ நிற்காமல் கராஜுக்கு வரும் வண்டிகளில் சிலவற்றின் நோய் அப்படி நின்ற காலத்தில் தொடங்கியதாக இருக்கலாம். வாங்கியவருக்கு அந்தக் கதை தெரிய வாய்ப்பில்லை.

சிலோ என்பது என்ன? கை முறுக்காத நேரத்திலும் எஞ்சின் தானாகச் சுற்றிக்கொண்டிருக்கும் மெதுவான வேகம். பல்சர் 220 போன்ற வண்டியில் அது நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,400 சுற்று. அந்த நேரத்தில் காற்று போகும் வாசல் கிட்டத்தட்ட மூடியிருக்கும். கார்பரேட்டரின் பெரிய ஜெற்றால் பெற்றோல் வராது. பைலட் ஜெற் என்ற சின்னஞ்சிறு பித்தளைத் துண்டின் வழியாகத்தான் எஞ்சினுக்குத் தேவையான அத்தனையும் வரவேண்டும். அதன் துவாரம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. ஒரு துளி பசை அதை அடைக்கப் போதும். ஆனால் முறுக்கியவுடன் பெரிய ஜெற் வேலைக்கு வந்துவிடும், வண்டி பறக்கும். “ஓடேக்க ஒரு குறையும் இல்லை, சந்தியில நிப்பாட்டினா மட்டும் நூந்து போகுது” என்று ஒருவர் சொன்னால், பாதி நோயை அவரே கண்டுபிடித்துவிட்டார் என்று அர்த்தம்.

கராஜில் அடிக்கடி நடக்கும் ஒன்றைப் பார்ப்போம். பழைய பல்சர் 220 ஒன்று. வாங்கி இரண்டு மாதம். இளைஞன் வண்டியை உருட்டிக்கொண்டு வருகிறான்.

“அண்ணை, சூடானாப் பிறகு சிலோ நிக்குதில்லை.”

மெக்கானிக் ஸ்டார்ட் செய்வதில்லை. முதலில் குனிந்து சிலோ ஸ்க்ரூவைப் பார்க்கிறார். “ஆர் தம்பி இதை இவ்வளவு உள்ளுக்கு முறுக்கினது?”

“தெரியாது அண்ணை. வாங்கேக்க அப்பிடித்தான் இருந்தது.”

விற்பனைக்கு வரும் வண்டிகளில் அதிகம் நடக்கும் ஒளிப்பு இதுதான். அந்த ஸ்க்ரூ காற்று வாசலைக் கொஞ்சம் திறந்து பிடிக்கும் ஆணி. அதற்கு மேல் ஒன்றுமில்லை. பைலட் ஜெற் அடைத்திருந்தாலும், கார்பரேட்டரின் ரப்பர் குழாய் வெடித்திருந்தாலும், ஆணியை முறுக்கி வாசலைத் திறந்துவிட்டால் பெரிய ஜெற் கசிய விட்டு வண்டி நிற்காமல் ஓடும். பத்து நிமிடப் பரீட்சார்த்த ஓட்டத்தில் எவருக்கும் சந்தேகம் வராது. ஆகவே பழைய வண்டி பார்க்கப் போகிறவர் முதலில் எஞ்சினில் கையை வைத்துப் பார்க்கவேண்டும். சுடுகிறது என்றால், நீங்கள் வருவதற்கு முன்பே யாரோ அதைச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள். “ஆறட்டும், பொறுத்திருக்கிறன்” என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கலாம். குளிர்ந்த எஞ்சின் மறைப்பது சூடான எஞ்சினை விடக் குறைவு.

அடுத்து பிளக். பல்சரின் டி.டி.எஸ்.ஐ. எஞ்சினில் ஒரு சிலிண்டருக்கு இரண்டு பிளக். இது நல்ல ஏற்பாடு. ஆனால் கோளாறு தேடும்போது ஏமாற்றும். ஒன்று செத்தாலும் மற்றது வண்டியை இழுத்துக்கொண்டு போய்விடும். சிலோ மட்டும் தடுமாறும், பெற்றோல் கொஞ்சம் கூடக் குடிக்கும். கைக்கு எட்டும் பிளக்கை மாற்றிவிட்டு மற்றதை மறந்துவிடுவது பலருக்கும் நடக்கும் பிழை. எஞ்சினை நிறுத்தி, பிளக் மூடியைக் கழற்றி, நல்ல பிளக் ஒன்றை அதில் செருகி, பிளக்கின் உலோக உடம்பை எஞ்சின் தலையோடு அழுத்தி வைத்து ஸ்டார்டரைத் தட்டினால் நீலப் பொறி பாயவேண்டும். பெற்றோல் வாடை இல்லாத இடத்தில்தான் இதைச் செய்யவேண்டும். கழற்றிய பிளக்கின் நுனி வெள்ளையாக வெளிறியிருந்தால் பெற்றோல் போதவில்லை, அல்லது காற்று கூடிவிட்டது. புகைக்கரி படிந்து கறுத்திருந்தால் பெற்றோல் கூடிவிட்டது.

கரிக்கு நயினாதீவில் இன்னொரு காரணமும் இருக்கிறது. முழுத்தீவும் 4 சதுர கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். வீட்டிலிருந்து கடைக்கும், கோயிலுக்கும், இறங்குதுறைக்கும் போகும் ஓட்டத்தில் எஞ்சின் முழுச் சூட்டை எட்டுவதற்குள் பயணம் முடிந்துவிடும். பிளக் தன்மேல் படியும் கரியை எரித்துக்கொள்ள வேண்டிய சூடு அதற்குக் கிடைப்பதே இல்லை. பெருவீதிகளுக்காகச் செய்த வண்டி இப்படிக் குறுகிய ஓட்டத்திலேயே காலம் கழித்தால் சீக்கிரம் கறுக்கும்.

உப்பு பிளக் மூடியையும் விடுவதில்லை. உப்பு ஈரம் படிந்த வயரிலும் மூடியிலும் மின்சாரம் வழி தவறி எஞ்சின் உடம்புக்குக் கசியும். இருட்டில் வண்டியை ஓடவிட்டுப் பார்த்தால் வயரோரம் நீலமாய் மினுங்குவது சில வேளை கண்ணுக்கே தெரியும். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்துக் காயவிட்டாலே பாதி வண்டிகள் திருந்திவிடும். செலவில்லாத வைத்தியம் என்பதாலோ என்னவோ, பலர் இதை நம்புவதில்லை.

பொறி சரி என்றால், கார்பரேட்டரையும் எஞ்சினையும் இணைக்கும் ரப்பர் குழாய். வெயிலும் உப்பும் சேர்ந்து அதை வெடிக்கவைக்கும். சிலோவில் எஞ்சின் மிகப் பலமாக உறிஞ்சும். மயிரிழை வெடிப்பால்கூடக் களவாகக் காற்று உள்ளே போய்விடும். இதை அறிய வண்டியை ஓடவிட்டுச் சவர்க்காரத் தண்ணீரை ரப்பரைச் சுற்றித் தெளித்தால் போதும். சத்தம் ஒரு கணம் மாறினால் வெடிப்பு அங்கேதான். சிலர் இதற்குப் பெற்றோலைத் தெளிப்பார்கள். சூடான எஞ்சினில் அது உயிரோடு விளையாடுவது. தயவுசெய்து வேண்டாம்.

கடைசியாகத்தான் கார்பரேட்டரைக் கழற்றவேண்டும். மிதவைக் கிண்ணத்தின் அடியில் நாலு ஆணி. திறந்து வெள்ளைச் சிரட்டையிலோ கண்ணாடிக் கிளாசிலோ பெற்றோலை ஊற்றிப் பார்த்தால் அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் உருளும். பாதி வெறுமையான தாங்கிக்குள் இரவுக் குளிரில் ஈரக்காற்று வேர்த்து இறங்கிய தண்ணீர் அது. கிண்ணத்தின் சுவரில் வெள்ளைத்தூள் படிந்திருக்கும்; கலப்புலோகத்தை ஈரம் அரித்த அடையாளம். மூலையில் தேன் நிறத்தில் ஒட்டும் பசை, நின்று பழுதான பெற்றோலின் மிச்சம். பைலட் ஜெற்றைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஊசிமுனை போல வெளிச்சம் தெரியவேண்டும். தெரியாவிட்டால் தேடியது கிடைத்துவிட்டது.

அந்த இடத்தில் கை அவசரப்படும். கிளட்ச் கேபிளில் ஒரு இழையைப் பிய்த்துக் குத்துவது வழக்கமாகிப்போன பழக்கம். உருக்கு பித்தளையைச் சுரண்டிவிடும், துவாரம் பெருக்கும், அதன் பிறகு அந்த வண்டிக்குச் சரியான சிலோ கிடைக்க ஜெற்றையே மாற்றவேண்டும். கார்பரேட்டர் கழுவும் திரவத்தில் ஊறவைத்துக் காற்றால் ஊதவேண்டும். அப்படியும் போகாவிட்டால் தீவில் எல்லா வீட்டிலும் இருக்கும் மெல்லிய தங்கூசி இழை ஒன்று போதும். நைலோன் பித்தளையை விட மென்மையானது, சுரண்டாது. மீன்பிடித் தங்கூசியில் ஜெற் துப்புரவாக்கலாம் என்பது தெரிந்துவிட்டால் கேபிளைத் தேடிப் போக எவருக்கும் மனம் வராது.

கலவை ஸ்க்ரூவைக் கழற்றுமுன் அதை மெதுவாக அடிவரை முறுக்கி எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிவைக்க வேண்டும். திரும்பப் பூட்டும்போது அதே கணக்கு.

இவ்வளவுக்கும் பிறகும் சூட்டில் மட்டும் நின்றால் வால்வு இடைவெளியைப் பார்க்கவேண்டும். தலைமயிர்த் தடிப்பளவு இடைவெளி அது. குறைந்துபோனால் சூட்டில் வால்வு முழுதாக மூடாது, அமுக்கம் கசியும். இது அளவுத்தகடு வைத்து, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அனுபவப்பட்டவர் செய்யவேண்டிய வேலை. ஆர்15 போல இன்ஜெக்ஷன் வண்டி என்றால் ஜெற் கிடையாது. காற்று வாசலில் படியும் கரி, பற்றரியின் பலம், மீற்றரில் எரியும் எச்சரிக்கை விளக்கு ஆகிய மூன்றையும் முதலில் பார்க்கலாம். பற்றரி இறங்கினால் கணினிப் பெட்டியும் பெற்றோல் பம்பும் தடுமாறும்.

யாழ்ப்பாணத்து மெக்கானிக்குகளுக்குச் சிலோ பற்றிக் கூடுதலாகத் தெரிவதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. 1990 ஜூனில் போர் மறுபடி மூண்டு பொருளாதாரத் தடை வந்தபோது குடாநாட்டுக்குப் பெற்றோல் வரவில்லை. மோட்டார் சைக்கிள்களும் பழைய கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சின்னப் போத்தலில் பொத்திவைத்த பெற்றோலைத் துளித்துளியாகக் காற்று வழியில் விட்டு ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. சிலோவில் காற்றோட்டம் மெதுவாக இருப்பதால் அது துளியாகவே நின்று எஞ்சினை மூச்சுமுட்ட வைக்கும். எனவே எவரும் கையை விடமாட்டார்கள். சந்தியில் நின்றாலும் முறுக்கிக்கொண்டே நிற்பார்கள். கரியும் பசையும் அடைத்த ஜெற்றுகளை நாளாந்தம் கழற்றிப் பூட்டிய கைகள் அவை. சத்தத்தைக் கேட்டே எந்த ஜெற் என்று சொல்லும் பெரியவர்கள் இன்னும் கராஜ்களில் இருக்கிறார்கள். அவர்களிடம் பழகும் பொடியன்கள் அந்தக் காதையும் சேர்த்துப் பழகிக்கொள்ள வேண்டும் என்பதே இந்தத் தொடரின் பெரிய ஆசை.

பல்சருக்கு வருவோம். ஜெற் திறந்தது, மறந்துபோன இரண்டாவது பிளக்கும் மாறியது, உள்ளே முறுக்கியிருந்த சிலோ ஸ்க்ரூ வெளியே வந்தது. ஐந்து நிமிடம் ஓடவிட்டு எஞ்சின் சூடேறியபின் மீற்றர் முள் 1,400ஐ ஒட்டி அசையாமல் நின்றது. மெக்கானிக் இன்னொரு வேலையும் காட்டிக்கொடுக்கிறார். கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போய் வாரக்கணக்கில் வண்டி நிற்கப்போகிறது என்றால், பெற்றோல் டப்பை மூடிவிட்டு வண்டி தானாக நிற்கும்வரை ஓடவிடவேண்டும். பிறகு கிண்ணத்தின் அடியிலுள்ள சின்ன வடிகால் ஆணியைத் தளர்த்தி மிச்சத்தையும் வடிக்கவேண்டும். படகில் ஏற்றிச் சரித்துக் கட்டும் வண்டிக்கும் இதுவே முறை. பெற்றோல் கசிந்து படகுத் தரையில் நிற்காது.

“ஆணியைக் கொஞ்சந்தான் தளர்த்தோணும் தம்பி. முழுக்கக் கழட்டினா கடலுக்க விழுந்திடும்.”

(அடுத்த வாரம்: உப்பு பிடித்த பிரேக்)