இலவசம் மட்டும் போதுமா?

குலசேகரத்தில் ரப்பர் பால் வெட்டும் தோழருக்கும், குளச்சலில் வலை இழுக்கும் மீனவருக்கும் சிறுநீரகம் பழுதுபட்டால் புகலிடம் எது? ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைதானே! பணம் படைத்தோர்க்கே எட்டிய டயாலிசிஸ், இன்று முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தால் ஏழைக்கும் உண்டு. 2009-ல் கலைஞர் ஊன்றிய வித்து அது. பாராட்டுகிறோம். பாராட்டிவிட்டு ஒன்று கேட்கிறோம்: அங்கே எந்திரத்துக்குள் ஓடும் தண்ணீர் எப்படிப்பட்டது?

நாம் வாரத்துக்குக் குடிப்பது ஏறத்தாழ 15 லிட்டர். டயாலிசிஸ் எந்திரத்தில் நோயாளியின் குருதிக்கு அருகே ஓடும் திரவமோ நிமிடத்துக்கு 500 மில்லிலிட்டர். 4 மணி நேரத்தில் 120 லிட்டர். வாரம் 3 முறை என்றால் 360 லிட்டர்! குடிக்கும் நீருக்குக் குடல் காவல் நிற்கிறது. இங்கே காவல், மெல்லிய சவ்வு ஒன்றுதான். கிருமி அதை முழுதாகத் தாண்டாது. ஆனால் கிருமியின் மேலுறையிலிருந்து கழலும் நச்சுத் துணுக்குகள் தாண்டிவிடும். உடனே நடுக்கம், காய்ச்சல், இரத்த அழுத்தச் சரிவு. மழைக்காலக் குளிர்க்காய்ச்சல் என்று போர்வையைப் போர்த்திவிட்டுப் போனால் யாருக்குத் தெரியும்?

கிருமி எங்கிருந்து வருகிறது? குளோரின் இரத்த அணுக்களைச் சிதைக்கும் என்பதால் கரி வடிகட்டி அதை நீக்குகிறது. நீக்கவும் வேண்டும். ஆனால் அந்த நொடியிலிருந்து தண்ணீருக்குக் காவலாளி இல்லை! அடுத்திருக்கும் ஆர்.ஓ. எந்திரம் பெரும்பகுதிக் கிருமியைத் தடுக்கிறது. அதற்கப்பாலுள்ள தொட்டியிலும், முட்டுச்சந்தாய் நிற்கும் குழாய்களிலும் மீண்டும் வழுவழுப்பான படலமாய் அது குடியேறுகிறது. நேற்றுக் கரைத்து மிஞ்சிய பைகார்பனேட் கரைசல் அதற்கு விருந்து! குழாய்களை வெந்நீராலோ மருந்தாலோ முறைதவறாமல் கழுவுவது ஒன்றே வழி.

வீண் அச்சமா இது? 1996-ல் பிரேசில் நாட்டுக் கருவாரு நகரில், நீர்த்தேக்கத்துத் தண்ணீரைச் சரிவரச் சுத்திகரிக்காமல் லாரியில் கொண்டுவந்து டயாலிசிஸ் நிலையத்துக்கு ஊற்றினார்கள். நீலப்பச்சைப்பாசி எனப்படும் நுண்கிருமியின் நஞ்சு அதில் கலந்திருந்தது. கல்லீரல் கெட்டு மாண்டோர் 50-க்கு மேல். கோடையில் முக்கடல் அணை வற்றினால் லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் நாகர்கோவில்வாசிகளுக்கு இதை விளக்கவா வேண்டும்?

உலகத் தர அளவு தெளிவானது. ஒரு மில்லிலிட்டர் நீரில் கிருமித் திரள் 100-க்குக் கீழ் இருக்கவேண்டும்; 50-ஐத் தொட்டாலே நடவடிக்கை தேவை. மாதந்தோறும் சோதிப்பது மருத்துவ உலகம் ஏற்ற வழக்கம். சோதனையிலும் ஒரு சூட்சுமம் உண்டு. சத்து மிகுந்த ஊடகத்தில், உடற்சூட்டில், இரண்டே நாள் வைத்துப் பார்த்தால், நீரில் பட்டினி கிடந்து பழகிய கிருமி தலைகாட்டாது. சத்துக் குறைந்த ஊடகத்தில், குளிர்ந்த வெப்பத்தில், 7 நாள் காக்கவேண்டும். அவசரக்காரர் எழுதும் 'பூஜ்யம்' பொய்ப் பூஜ்யமாகவும் இருக்கலாம்!

ஆகவே நம் கோரிக்கை இது. அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும், தண்ணீர்ச் சோதனையின் முடிவைத் தேதியோடு, தமிழில், டயாலிசிஸ் அறையின் வாசலிலேயே ஒட்டட்டும். எத்தனை கட்டில், எத்தனை எந்திரம் என்று சட்டமன்றத்தில் கேட்கும் நம் உறுப்பினர்கள், அடுத்த கூட்டத்தில் அந்தத் தாளையும் கேட்கட்டும்.