வேல்ஸ் நிலக்கரிச் சுரங்கக் குரல்களும் பொருள்தொடர்நிலையும்: ‘எவ்ரி வேலி’ இசைத்தொகுப்பு

திறவுச்சொற்கள்: இசைத்தொகுப்பு, தொடர்நிலை, நிலக்கரிச் சுரங்கம், வாய்மொழி வரலாறு, ஆவணப்படம், தெற்கு வேல்ஸ்

முன்னுரை

முத்தகம், குளகம், தொகைநிலை, தொடர்நிலை எனச் செய்யுளை நான்காக வகுக்கும் தண்டியலங்காரம், தொடர்நிலையைப் பொருளால் தொடர்வது, சொல்லால் தொடர்வது என மேலும் இரண்டாகப் பிரிக்கிறது. மேலை இசையுலகில் ‘கான்செப்ட் ஆல்பம்’ என்று வழங்கும் வடிவத்தை விளக்க இப்பாகுபாடு பெரிதும் உதவும். தனித்தனிப் பாடல்களைத் திரட்டித் தரும் வழக்கமான இசைத்தட்டு தொகைநிலை போன்றது. ஒரே பொருளைத் தொடக்கம் முதல் இறுதிவரை வளர்த்துச் செல்லும் இசைத்தட்டோ பொருள்தொடர்நிலையை ஒத்தது. அதில் ஒரு பாடலின் பொருள், அது நிற்கும் இடத்தாலும் தீர்மானிக்கப்படுகிறது.

இவ்வகையில் குறிப்பிடத்தக்கது, இலண்டனைச் சேர்ந்த ‘பப்ளிக் சர்வீஸ் பிராட்காஸ்டிங்’ என்னும் குழு 2017 ஜூலையில் வெளியிட்ட ‘எவ்ரி வேலி’. தெற்கு வேல்ஸ் நிலக்கரித் தொழிலின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் பதினோரு பகுதிகளில் கூறும் இத்தொகுப்பில் பாடகர்கள் உண்டு. ஆயினும் வரலாற்றைச் சொல்வோர் பெரும்பாலும் அவர்கள் அல்லர். பழைய ஆவணப்படங்களிலிருந்தும் நேர்காணல்களிலிருந்தும் எடுத்த பேச்சுக்குரல்களே இசையின்மேல் கதையை நடத்துகின்றன. அக்குரல்கள் யாருடையவை, அவை எவ்வரிசையில் நிற்கின்றன என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

தொழிலின் வரலாறு

1913ஆம் ஆண்டில் தெற்கு வேல்ஸ் சுரங்கங்கள் ஏறத்தாழ 5.7 கோடி டன் நிலக்கரியை வெட்டியெடுத்தன. அதே ஆண்டு அக்டோபர் 14 அன்று செங்கெனித் சுரங்க வெடிவிபத்தில் 439 தொழிலாளர் மாண்டனர். மீட்கச் சென்ற ஒருவரும் உயிரிழந்தார். உற்பத்தியின் உச்சமும் பிரித்தானியாவின் மிகப் பெரிய சுரங்க விபத்தும் ஓராண்டிலேயே நிகழ்ந்தது தற்செயலன்று. 1920இல் அங்கு 2.7 இலட்சம் பேர் சுரங்கங்களில் பணிபுரிந்தனர். 1947 ஜனவரி முதல் நாளில் சுரங்கங்கள் நாட்டுடைமையாயின. எண்ணெயும் எரிவாயுவும் நிலக்கரியின் இடத்தைப் பிடித்தன. இரயில்கள் டீசலுக்கு மாறின. 1960களில் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. 1984 மார்ச்சில் மேலும் 20 சுரங்கங்களை மூடும் திட்டத்தைத் தேசிய நிலக்கரி வாரியம் அறிவித்ததும் ஓராண்டு நீடித்த வேலைநிறுத்தம் தொடங்கியது. அதில் இறுதிவரை மிக உறுதியாக நின்ற பகுதிகளுள் தெற்கு வேல்ஸ் முதன்மையானது. ரோந்தா பள்ளத்தாக்கின் கடைசிச் சுரங்கமான மார்டி 1990 டிசம்பரில் மூடப்பட்டது.

இரண்டு ஆவணக் களஞ்சியங்கள்

தொகுப்பின் முற்பகுதியில் மிகுதியாக ஒலிப்பது விளக்கவுரையாளரின் குரல். நாட்டுடைமையாக்கத்துக்குப் பின் நிலக்கரி வாரியம் திரையரங்குகளுக்கெனச் செய்திப்படங்களைத் தயாரித்தது. ஆட்சேர்ப்பு விளம்பரங்களையும் எடுத்தது. இத்தகைய படங்கள் பிரித்தானியத் திரைப்பட நிறுவனத்தின் காப்பகத்தில் உள்ளன. குழுவின் முந்தைய தொகுப்புகளுக்கும் மூலப்பொருள் வழங்கியது இக்காப்பகமே. ‘தி பிட்’ என்னும் இரண்டாம் பகுதியில் சுரங்கத்தின் வெப்பமும் நிமிர்ந்து நிற்கவியலாத அதன் தாழ்வும் அளவுக் கணக்குகளாகவே எடுத்துரைக்கப்படுகின்றன. அடுத்த பகுதியின் தலைப்பு ‘பீப்பிள் வில் ஆல்வேஸ் நீட் கோல்’; நிலக்கரி மக்களுக்கு என்றும் தேவைப்படும் என்பது அதன் பொருள். வாரியம் 1970களில் இளைஞர்களைச் சுரங்கப் பணிக்கு அழைத்த விளம்பரத்தின் வாக்குறுதி அது. அவ்விளம்பரத்தை நம்பிப் பதினாறு வயதில் சுரங்கத்தில் இறங்கிய ஒருவன் முப்பது வயதை எட்டுமுன் வேலைநிறுத்தத்தில் நின்றிருப்பான். குழுவினர் விளம்பரத்தைக் கேலி செய்யாமல் அதற்கு உற்சாகமான மெட்டையே அமைத்துள்ளனர். முடிவை அறிந்த கேட்போருக்கு அவ்வுற்சாகமே கசக்கிறது. வஞ்சப்புகழ்ச்சியில் சொல் புகழும், பொருள் பழிக்கும். இங்குச் சொல்லும் இசையும் சேர்ந்து புகழ, பழிக்கும் வேலையை வரிசைமுறை செய்கிறது.

இரண்டாவது களஞ்சியம் முற்றிலும் வேறானது. தெற்கு வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர் தம் கூலியில் சிறுதொகை பிடித்தம் செய்து ஊர்தோறும் மன்றங்களையும் நூலகங்களையும் நிறுவியிருந்தனர். சுரங்கங்கள் மூடப்பட்டபோது மன்றங்களும் நலிந்தன. நூல்கள் விற்பனைக்குப் போயின. எஞ்சியவற்றைக் காக்கும் முயற்சியாகவே சுவான்சீ பல்கலைக்கழகக் கல்லூரியில் 1973இல் தெற்கு வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர் நூலகம் தோன்றியது. நூல்களோடு முதிய தொழிலாளரின் நேர்காணல்களும் ஒலிநாடாக்களில் பதிவாகி அங்குச் சேர்ந்தன. தொகுப்பின் பிற்பகுதியில் கேட்கும் ஊர்மக்கள் குரல்களுக்கு அந்நூலகத்தின் பதிவுகளும் ஆதாரமாயின. வாரியத்தின் குரல் விற்பதற்காகப் பதிவானது. தொழிலாளரின் குரல் மறையாதிருக்கப் பதிவானது. அரை நூற்றாண்டுக்குப் பின் இவ்விரண்டும் ஒரே இசைத்தட்டில் அருகருகே வரும்போது முன்னது பின்னதற்குச் சான்றாகிவிடுகிறது. நூலகத்தைக் காக்க எவரும் முன்வராதிருந்தால் இத்தொகுப்பின் பிற்பாதிக்கு வாரியத்தின் படங்களும் செய்தி நிறுவனங்களின் பதிவுகளும் மட்டுமே மிஞ்சியிருக்கும். வாய்மொழி வரலாற்றை ஓய்வுநேரப் பணியாகக் கருதுவோர் கவனிக்க வேண்டிய இடம் இது.

குரல் மாறும் இடங்கள்

முதற்பகுதியில் பேசுபவர் நடிகர் ரிச்சர்ட் பர்ட்டன். பாண்ட்ரிதிவென் என்னும் ஊரில் சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர் அவர். தம் இளமைக்காலப் பள்ளத்தாக்கில் சிறுவர் யாவரும் சுரங்கத் தொழிலாளியாகவே விரும்பினர் என்று அவர் தொலைக்காட்சியில் நினைவுகூர்ந்த பகுதி இங்கு எடுத்தாளப்பட்டுள்ளது. இது பெருமிதம், ஆனால் சுரங்கத்தில் இறங்காது தப்பியவரின் பெருமிதம் என்பதையும் மறக்கலாகாது. ‘ஆல் அவுட்’ வேலைநிறுத்தத்தைப் பேசுகிறது. அதுவரை அடங்கியிருந்த கிதார் அங்குக் காது கிழிய முழங்குகிறது. அரசியலை விளக்கும் உரை எதுவும் இல்லை. வரலாற்று மாணவருக்கு இது குறையாகப் படலாம். தொழிற்சங்கத்துக்குள் எழுந்த வாக்கெடுப்புச் சிக்கல் போன்றவை தொகுப்பின் எல்லைக்கு வெளியேயே நிற்கின்றன.

அதன்பின் வருவது ‘டர்ன் நோ மோர்’. இதில் ஜேம்ஸ் டீன் பிராட்ஃபீல்டு பாடும் வரிகள் இட்ரிஸ் டேவிஸின் கவிதையைத் தழுவியவை. டேவிஸ் பதினான்கு வயதில் சுரங்கத்துக்குச் சென்றவர். 1926 வேலைநிறுத்தத்துக்குப் பின் வேலையிழந்து ஆசிரியரானவர். அவருடைய ‘குவாலியா டெசர்ட்டா’ 1938இல் வெளிவந்தது. ஆக, 1980களின் தோல்வியை அடுத்து ஒலிப்பது 1930களின் புலம்பல். வீழ்ச்சி ஒருமுறை நிகழ்ந்ததன்று என்பதை இக்காலப் பிறழ்ச்சி நுட்பமாக உணர்த்துகிறது. ‘தே கேவ் மீ எ லாம்ப்’ வேலைநிறுத்தக் காலத்தில் ஆதரவுக் குழுக்களை அமைத்து உணவு திரட்டிய, மேடையேறிப் பேசிய பெண்களுக்குரியது. ஆண்களின் தோல்வியாகவே எழுதப்படும் ஓராண்டு, பெண்கள் பொதுவாழ்வுக்கு வந்த ஆண்டாக இங்கு மாறி ஒலிக்கிறது. பதினொன்றில் மிகச் சிறந்த பகுதி இதுவே எனலாம்.

வெளியார் என்னும் சிக்கல்

இலண்டன் குழுவினர் பிறருடைய துயரத்தை இசையாக்கலாமா என்னும் வினா இயல்பானது. குழுவின் தலைவர் ஜே. வில்கூஸ் இதனை அறிந்தே செயற்பட்டார் என்பதற்குத் தொகுப்பினுள்ளேயே சான்றுகள் உள்ளன. ஒலிப்பதிவு இலண்டன் அரங்கில் நடைபெறவில்லை. எபு வேல் என்னும் ஊரின் பழைய தொழிலாளர் மன்றக் கட்டடத்தில் நடைபெற்றது. ‘யூ பிளஸ் மீ’ என்னும் பாடலில் அவர் முதன்முறையாகத் தாமே பாடுகிறார். உடன் பாடும் லிசா யேன் வேல்ஸ் மொழியில் விடையிறுக்கிறார். பயிற்சியில்லாத அவர் குரலின் தயக்கம் அங்குப் பொருத்தமாகவே அமைந்துள்ளது.

சுரங்கம் மூடியபின் ஊருக்கு நேர்ந்ததைக் கூறும் ‘மதர் ஆஃப் த வில்லேஜ்’ பத்தாவது பகுதி. ஊரின் தாய் என்று சுரங்கமே சுட்டப்படுகிறது. தலைவன் இறந்தபின் பாடும் கையறுநிலையோடு இதனை ஒப்பிடத் தோன்றும். ஆனால் இத்தாய் பிள்ளைகளை வளர்த்தவள் மட்டுமல்லள், விழுங்கியவளும்தான். அதனால் இரங்கல் இங்கு முழுமையாகப் புகழ்ச்சியாவதில்லை. இறுதிப்பகுதியான ‘டேக் மீ ஹோம்’ இல் பேச்சுக்குரலே இல்லை. எபு வேலை அடுத்த போஃபர்ட் ஊரின் ஆண்கள் சேர்ந்திசைக் குழுவினர் பாடுகின்றனர். சுரங்க ஊர்களின் தேவாலயங்களிலும் மன்றங்களிலும் தழைத்த இத்தகைய குழுக்கள் சுரங்கங்கள் மூடப்பட்ட பின்னும் கலையவில்லை. பத்துப் பகுதிகளாகக் காப்பக நாடாக்களிலிருந்து கேட்ட பள்ளத்தாக்கு, பதினோராவதில் இன்று உயிரோடிருக்கும் மனிதர்களின் தொண்டையிலிருந்து ஒலிக்கிறது.