பத்துப் பேர் சொல்லியும் மோட்டார் ஏன் சரியாகவில்லை?

உங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் தண்ணீர் மோட்டார் உறுமுகிறது. நீங்கள் வாட்ச்மேனிடம் சொல்கிறீர்கள். மாடி வீட்டுக்காரர் வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார். செயலாளர் பார்க்கும்போது அது நாற்பது 'குட் மார்னிங்'குக்கு அடியில் கிடக்கிறது. எல்லோரும் சொன்னார்கள், எலக்ட்ரீஷியனுக்குத்தான் யாரும் சொல்லவில்லை!

பராமரிப்பு மென்பொருள் இங்கே என்ன செய்கிறது? தையல்கடைக்குப் போயிருப்பீர்களே. துணியில் ஒரு துண்டு வெட்டி ரசீதில் பின் குத்துவார்கள். அதே எண் துணியிலும் இருக்கும். தைக்கிற ஆள் மாறினாலும் உங்கள் சட்டை தொலையாது.

மென்பொருளும் அப்படித்தான். மோட்டார் மேல் ஒட்டிய க்யூஆர் கட்டத்தைப் போனில் ஸ்கேன் செய்தால், எந்த மோட்டார் என்று அதுவே சொல்லிவிடும். (1994இல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில், கார் உதிரிபாகங்களைக் கணக்கு வைக்கப் பிறந்தது இந்தக் கட்டம்.) புகாருக்கு ஓர் எண் விழும். அந்த எண் ஒரே ஒருவர் பெயரில் ஏறும். சூட்சுமமே அதுதான். 'பார்த்தாச்சு', 'பேரிங் வாங்கணும்', 'முடிஞ்சது' என்று அவர் தட்டத் தட்ட, உங்கள் போனிலும் தெரியும்.

ஆறு மாதம் கழித்து மறுபடி உறுமினால்? போன தடவை பேரிங் மாற்றியதைப் புது ஆள்கூடத் திறந்து பார்த்துக்கொள்ளலாம்.

சரி, வேலை செய்யாமலே 'முடிஞ்சது' என்று தட்டிவிட்டால்? அதற்குத்தான் பல செயலிகளில் படம் எடுத்துப் போடச் சொல்கிறார்கள்.