கூட்டை உடைத்து வந்த பூச்சி: ஆரணியிலிருந்து ‘மோத்ரா’வைப் பார்த்தல்

பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு நெசவாளர் கூட்டத்தில் நான் கவிதை வாசித்தேன். தான் கக்கிய நூலுக்குள்ளேயே வெந்து சாகிற பட்டுப்புழுதான் நெசவாளி என்பது அதன் சாரம். நன்றாகவே கைதட்டினார்கள். டீ குடிக்கும்போது சேவூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு அம்மா, “ஏந்தம்பி, நாங்க எங்க புழு? புழுவ வேகவெச்சி எடுத்த நூல வெச்சிதான கஞ்சி குடிக்கறோம்” என்று சொல்லிவிட்டுப் போனார். அதோடு அந்தக் கவிதையை விட்டுவிட்டேன். எங்கே தப்பு செய்தேன் என்பது பிடிபட்டது ஒரு ஜப்பானிய ராட்சதப் பூச்சிப் படத்தில் என்றால் நண்பர்கள் சிரிக்கக்கூடும்.

நம்மூர் சீரியஸ் சினிமா ஆட்கள் குரோசாவா என்றால் எழுந்து நிற்பார்கள். ‘ஏழு சாமுராய்’ வெளிவந்த அதே 1954இல், அதே டோஹோ கம்பெனி எடுத்ததுதான் ‘கோஜிரா’ (நமக்கு காட்ஜில்லா) என்பதைச் சொல்லமாட்டார்கள். அது குழந்தைகள் சமாச்சாரமாம். அந்த வருஷம் மார்ச் 1ஆம் தேதி பிகினித் தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டை வெடித்தது. பக்கத்துக் கடலில் இருந்த ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின் 23 பேர் மேலும் கதிரியக்கச் சாம்பல் கொட்டியது. செப்டம்பரில் ஒருவர் செத்தார். நவம்பரில் கோஜிரா கடலிலிருந்து எழுந்து வந்தது. அணுகுண்டைப் பற்றி நேராகப் பேச முடியாத ஒரு சமூகம் ரப்பர்த் தோலை மாட்டிக்கொண்டு பேசியது.

அதே இயக்குநர் இஷிரோ ஹோண்டா 1961இல் எடுத்த படம் ‘மோத்ரா’. ரோலிசிகா என்கிற நாடு (ரஷ்யாவையும் அமெரிக்காவையும் ஒட்டவைத்த பெயர்) அணுகுண்டு சோதனை நடத்திய ஒரு தீவில் ஜனங்கள் உயிரோடு இருக்கிறார்கள். ஒரு அடி உயரமே உள்ள இரட்டைச் சகோதரிகளும் இருக்கிறார்கள். நெல்சன் என்கிற வியாபாரி அவர்களைப் பிடித்துவந்து டோக்கியோ மேடையில் பாடவைத்துக் காசு பார்க்கிறான். டிக்கெட் வாங்கினவனுக்கு அது பாட்டு. உண்மையில் அது ஓலம், தீவில் இருக்கும் மோத்ராவைக் கூப்பிடும் குரல். முட்டை உடைந்து புழு வருகிறது. கடல் தாண்டி, ஊரை நசுக்கி, டோக்கியோ கோபுரத்தை ஒடித்து அதில் சாய்ந்து கூடு கட்டுகிறது. ரோலிசிகா கடன் கொடுத்த அணு வெப்பக் கதிர்களால் கூட்டை எரிக்கிறார்கள். புழு ஒழிந்தது என்று எல்லோரும் மூச்சுவிடும்போது கூடு பிளந்து, பூச்சி சிறகு விரித்து வெளியே வருகிறது.

இதன் மூலக்கதையை எழுதியவர்கள் மூன்று தீவிர இலக்கியக்காரர்கள்: ஷினிச்சிரோ நகாமுரா, தகேஹிகோ ஃபுகுநாகா, யோஷியே ஹோட்டா. ஹோட்டா 1956இல் புதுதில்லி ஆசிய எழுத்தாளர் மாநாட்டுக்கு வந்துபோய் இந்தியா பற்றிப் புத்தகமே எழுதியவர். கதையில் புழு கூடு கட்டுவது ஜப்பானிய நாடாளுமன்றத்தில். 1960இல் அமெரிக்காவுடனான பாதுகாப்பு ஒப்பந்தத்தை எதிர்த்து லட்சக்கணக்கானவர்கள் சூழ்ந்து நின்ற அதே கட்டடம். ஜூன் மாதம் ஒரு மாணவி அங்கே செத்தாள். சினிமாவில் நாடாளுமன்றம் போய் கோபுரம் வந்தது. கம்பெனி புத்தி.

ஆனால் எனக்கு முக்கியம் கோபுரமல்ல, கூடு. பட்டுத் தொழிலின் அடிப்படை விதி ஒன்றுதான்: பூச்சி வெளியே வரக்கூடாது. வந்தால் கூட்டை நனைத்துத் துளைத்துக்கொண்டு வரும், இழை அறுந்துபோகும். அதனால் கூடு கட்டின சில நாளிலேயே ஆவியிலோ சூட்டிலோ உள்ளேயே சாகடித்துவிடுகிறார்கள். முட்டைக்காக மட்டும் கொஞ்சம் விதைக்கூடுகளைப் பிழைக்க விடுவார்கள். அப்படி வரும் பூச்சிக்கும், ஆயிரக்கணக்கான வருஷ வளர்ப்பில், பறக்கத் தெரியாது. தின்ன வாய் கிடையாது. முட்டையிட்ட தாய்ப்பூச்சியை நசுக்கி, நோய் இருக்கிறதா என்று மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார்கள். 1872இல் தோமியோகாவில் அரசே நூற்பாலை திறந்து, பட்டு ஏற்றுமதிக் காசில் இயந்திரமும் ஆயுதமும் வாங்கி வளர்ந்த நாடு ஜப்பான். அங்கே கிராமங்களில் இந்தப் புழுவுக்கு மரியாதை விகுதி உண்டு, ‘புழு அவர்கள்’ என்கிற மாதிரி. வணங்கிக்கொண்டே வேகவைத்தார்கள். அந்த ஊர்ப் பார்வையாளனுக்கு அது எந்தப் புழு என்று விளக்க வேண்டியதில்லை. வெப்பக் கதிர் என்ன என்பதையும் விளக்க வேண்டியதில்லை. தொழில் தினமும் செய்வதைத்தான் ராணுவம் ஒருதடவை பெரிய அளவில் செய்கிறது. மோத்ராவிடம் பயங்கரம் என்று என்ன இருக்கிறது? கூடு கட்டிய புழு தன் ஆயுளை முடித்துக்கொண்டு வெளியே வந்து பறக்கிறது, அவ்வளவுதான்.

என் கவிதையில் புழுவே கிடையாது என்பது அப்போதுதான் உறைத்தது. நெசவாளியைச் சொல்ல ஒரு குறிப்பானாக அதைப் பிடித்து இன்னொருதரம் வேகவைத்திருந்தேன்.

படத்தைத் தலையில் தூக்கிவைக்க வேண்டாம். தீவுக்காரர்களாக ஜப்பானியர்களே உடம்பில் கருப்புச் சாயம் பூசிக்கொண்டு ஆடுகிறார்கள். பிகினி இருக்கிற மார்ஷல் தீவுகள் முதல் உலகப் போரிலிருந்து இரண்டாம் உலகப் போர் வரை ஜப்பானின் ஆட்சியில்தான் இருந்தன. படம் அந்தப் பாவத்தை முழுசாக ரோலிசிகா தலையில் கட்டிவிட்டு, ஜப்பானியரைத் தீவின் சிநேகிதர்களாகக் காட்டுகிறது. சகோதரிகளின் பாட்டு வரிகளோ ஜப்பானியத்தில் எழுதி இந்தோனேசிய மொழிக்கு மாற்றப்பட்டவை. 1942 முதல் 1945 வரை ஜப்பான் ராணுவம் மிதித்துக்கொண்டிருந்த நாட்டின் மொழி, பதினாறு வருஷத்தில் பெயரில்லாத காட்டுமொழியாகிவிடுகிறது. மற்றமையை உருவாக்குவது வெள்ளைக்காரன் மட்டும் செய்கிற வேலையல்ல. அடக்கப்பட்டவர்கள் பக்கம் நின்று பேசுகிறோம் என்கிற பிரதிகளைத்தான் கூடுதலாகச் சோதிக்க வேண்டியிருக்கிறது, என் கவிதை உட்பட.

கடைசியாக அப்பாவோடு உட்கார்ந்து பார்த்தேன். சின்ன வயசில் தார் சுற்றுவதில் தொடங்கி அறுபது வருஷத்துக்குமேல் குழித்தறியில் உட்கார்ந்தவர். சப்டைட்டில் படிக்கத் தெரியாது, நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். கோபுரத்தில் புழு நூல் கக்கும்போது நிமிர்ந்து உட்கார்ந்தார். கூட்டை எரித்தபோது, “அட பாவிங்களா, அவ்ளோ நூலும் வீணாப் பூடுச்சே” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் பூச்சி வெளியே வந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை.

எங்கள் ஊருக்குப் புழு வருவதில்லை. கர்நாடகத்திலிருந்து நூல்தான் வரும், ஜரிகை சூரத்திலிருந்து. நடுவில் நடப்பதெல்லாம் வேறெங்கோ நடந்துவிடும். படம் முடிந்து ரொம்ப நேரம் கழித்து அப்பா கேட்டார்: “நெஜமாவே அதுக்கு றெக்கை இருக்குமாடா?” இருக்கும், வெள்ளையாக இருக்கும், ஆனால் பறக்காது என்றேன். அவரும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை.

அந்த இடத்தை மட்டும் இன்னொருவாட்டி போடச் சொன்னார். போட்டேன்.