சாலை நிதியும் சாலை மராமத்தும்

புதிய சாலைக்குத் திறப்பு விழா உண்டு. மந்திரி வருவார், கல்லில் பெயர் பொறிக்கப்படும். பள்ளத்தை அடைப்பதற்கும், மழைக்கு முன் ஓரக்கால்வாயைத் தூர்வாருவதற்கும் விழா இல்லை. பல சமயங்களில் பணமும் இல்லை. மதுரை வில்லாபுரத்திலிருந்து அவனியாபுரம் வழியே விமான நிலையம் செல்வோர்க்கும், அச்சாலையிலிருந்து பிரியும் தெருக்களில் வசிப்போர்க்கும், ஐப்பசி கார்த்திகையில் தார்ச்சாலை என்ன கதியடையும் என்பதை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. தாருக்கு முதற் சத்துரு வண்டியன்று, தேங்கிய நீர். வெடிப்பின் வழியே இறங்கும் நீர் அடியிலுள்ள ஜல்லியை இளக்குகிறது. பின்னர் வரும் லாரி அதைக் குழியாக்குகிறது. வெடிப்பு கண்ட அன்றே அடைக்க ஒரு சட்டித் தாரும் இரண்டு ஆட்களும் போதும். அன்று அதைச் செய்யாமற்போனால், இரண்டு மழை கழித்துச் சாலை முழுவதையும் பெயர்த்துப் போட நேர்கிறது.

இதற்குப் பொதுஜனங்கள் பணம் கொடுக்கவில்லையா? நூறாண்டுக் காலமாய்க் கொடுத்து வருகிறார்கள். மோட்டார்கள் பெருகிச் சாலைகள் பாழாவதையும், அவற்றைத் தாங்கும் சக்தி ஸ்தல ஸ்தாபனங்களுக்கு இல்லாததையும் ஆராய 1927ல் ஸ்ரீ எம். ஆர். ஜெயகர் தலைமையில் ஒரு கமிட்டி நியமிக்கப்பட்டது. அதன் யோசனைப்படி 1929ல் பெட்ரோல் காலனுக்கு 2 அணா அதிக வரி விதித்து மத்திய சாலை நிதி ஏற்படுத்தப்பட்டது. சாலையின் பெயரால் வாங்கிய பணம் சாலைக்கே செல்லவேண்டும் என்பதே அதன் தத்துவம். 2000ம் ஆண்டில் அந்நிதிக்குத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. 2018ல் செய்த திருத்தத்தினால் சாலையல்லாத பிற கட்டுமான வேலைகளுக்கும் அதிலிருந்து பணம் எடுக்க வழி செய்யப்பட்டுவிட்டது. போதாக்குறைக்கு, மேல்வரி என்னும் பெயரால் மத்திய சர்க்கார் வசூலிக்கும் தொகை, ராஜ்யங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பொது வரிப் பங்கிலும் சேர்வதில்லை. வில்லாபுரத்தில் பெட்ரோல் போடுகிறவன் கொடுத்த காசு அவன் தெருவுக்குத் திரும்பி வரும் வழி எது என்று கேட்டால், அதற்கு நேரான பதில் கிடைப்பது அரிது.

சுங்கத்தின் சரித்திரமும் படிக்கத் தக்கதே. முற்காலத்தில் சென்னை மாகாணத்தில் ஜில்லா போர்டுகளும் முனிசிபாலிடிகளும் ஊருக்கு ஊர் கட்டை போட்டு வண்டிகளிடம் சுங்கம் வாங்கின. 1931ம் வருஷத்து மோட்டார் வரிச் சட்டம் அக்கட்டைகளை ஒழித்து, வண்டிக்கு ஒரே வரி என்றாக்கி, இழந்த வருமானத்துக்கு ஈடாக ஸ்தல ஸ்தாபனங்களுக்கு நஷ்டஈடும் கொடுத்தது. இன்று வண்டி வாங்குகிறவன் ஆயுள் வரியை முன்னதாகவே கட்டிவிடுகிறான். பெட்ரோலுக்கும் வரி கட்டுகிறான். கட்டையோ வேறு உருவில் திரும்பி வந்துவிட்டது!

சுங்கம் எல்லாம் அநியாயம் என்று நாம் கூறவில்லை. உத்தங்குடியிலிருந்து கப்பலூர் வரை சுமார் 27 கிலோமீட்டர் செல்லும் சுற்றுச்சாலையை மதுரை மாநகராட்சி கடன் வாங்கி அமைத்தது. 2001ல் அதன்பொருட்டு 30 கோடி ரூபாய்க்குக் கடன் பத்திரமும் வெளியிட்டது. வண்டிகளிடம் பெற்ற கட்டணம் அக்கடனை அடைப்பதற்கு என்பது ஊரறிந்த விஷயம். எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுத்த பணம் அது. கப்பலூர்ச் சுங்கச்சாவடியின் கதை வேறு. நகராட்சி எல்லையிலிருந்து 10 கிலோமீட்டருக்கு அப்பால்தான் சாதாரணமாகச் சாவடி அமைக்க வேண்டும் என்பது தேசிய நெடுஞ்சாலைக் கட்டணம் பற்றிய 2008ம் ஆண்டு விதி. திருமங்கலமோ கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. உள்ளூர் வண்டிகளுக்கு விலக்குக் கோரி அவ்வூரார் பன்முறை கிளர்ச்சி செய்தனர். 2024 ஜூலையிலும் செய்தனர். பெருஞ்சாலைக்குக் கட்டணம் செலுத்திவிட்டுத் தம் ஊர்க் குழிகளில் இறங்கும் மனிதர்களின் கோபம் அது.

அமெரிக்காவில் மின்னஸோட்டா ராஜ்யத்தில் நடப்பது கவனிக்கத் தக்கது. மாதக் கணக்கில் பனி மூடிக் கிடக்கும் அந்நாட்டில், முன்புறம் சறுக்குக் கட்டையும் பின்புறம் சுழலும் பட்டையும் உடைய பனிமோட்டார்களுக்கென்றே சுமார் 22,000 மைல் பாதைகள் உள்ளன. அவற்றுள் மிகப் பெரும்பகுதியை அந்தந்த ஊர்ச் சங்கத்தார் பராமரிக்கின்றனர். நிலச் சொந்தக்காரரிடம் அனுமதி பெறுவதும், பனியை வாரிச் சமன் செய்வதும், பலகை நடுவதும் அவர்கள் வேலை. வண்டிப் பதிவுக் கட்டணமும், பெட்ரோல் வரியில் நூற்றில் ஒரு பங்கும் இதற்கென ஒதுக்கப்பட்டு, சங்கங்களுக்கு மானியமாகச் செல்கின்றன. அங்கே அப்பாதைகள் பெரும்பாலும் உல்லாசத்துக்கு. இங்கே மல்லிகைக் கூடையும், பள்ளிப் பிள்ளைகளும், பிரசவ வேதனையுற்ற பெண்ணும் செல்லும் வழிக்கு அத்தகைய ஏற்பாடு இல்லை.

நம்மிடம் அதற்குரிய ஆட்கள் இல்லாமலும் இல்லை. 1997ல் தமிழ்நாட்டு நெடுஞ்சாலைத் துறையில் ஏறத்தாழ 10,000 சாலைப் பணியாளர் நியமிக்கப்பட்டனர். மண்வெட்டியும் கூடையுமாகச் சாலையின் ஓரத்தைச் செப்பனிட்டுக் காப்பது அவர் தொழில். 2002 செப்டம்பரில், சிக்கனம் என்று சொல்லி, ஒரே வீச்சில் அவர்கள் வேலைநீக்கம் செய்யப்பட்டனர். 41 மாதம் குடும்பங்கள் பட்டபாடு சொல்லுந்தரமன்று. 2006ல்தான் மீண்டும் வேலைக்கு எடுக்கப்பட்டனர். அந்த 41 மாதத்தில் சாலைகள் இழந்ததை எந்தச் சிக்கனக் கணக்கில் எழுதினார்கள்? 2000ல் தொடங்கிய பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தில், சாலை போட்ட காண்ட்ராக்டரே 5 ஆண்டு பராமரிக்க வேண்டுமென்ற நல்ல நிபந்தனை உண்டு. ஆறாவது ஆண்டில் யார் பொறுப்பு என்பதே நம் கேள்வி.

ஆகவே நாம் கேட்பது அதிகமன்று. வண்டி வரியில் ஒரு பங்கைப் புதிய சாலைக்குத் தொடாமல் மராமத்துக்கென்றே சட்டப்படி ஒதுக்க வேண்டும். அதை வார்டு வாரியாகவும் ஊராட்சி வாரியாகவும் பிரித்துக் கொடுத்து, எந்தத் தெருவில் எத்தனை ரூபாய் செலவாயிற்று என்ற கணக்கை வரிகொடுப்போர் பார்க்கும்படி அலுவலக வாசலில் ஒட்ட வேண்டும். சாலைப் பணியாளரில் ஓய்வு பெற்றோர் இடங்களைக் காலியாக விடலாகாது. அடுத்த ஐப்பசிக்குள் வில்லாபுரத்தின் ஒரு வார்டிலேனும் இதனைச் செய்து காட்ட மாநகராட்சி முன்வருமா?