செவிக்குப் புலப்படும் பட்டி

முகப்பு, அறிவிப்புகள், தேர்வு முடிவுகள், தொடர்பு என இணையதளத்தின் மேற்பகுதியில் வரிசையாய் நிற்கும் சொற்களைக் காண்போர், அது பிற பக்கங்களுக்கு வழிகாட்டும் பட்டி என நொடியில் உணர்வர். பார்வையற்ற மாணவரோ திரைவாசிப்பான் என்னும் மென்பொருளின் குரலைக் கேட்டே அறிகிறார். நிறமும் இடமும் அவருக்கு உதவா. வலைப்பக்கங்களை உருவாக்கும் எச்டிஎம்எல் மொழியில் 'டிவ்' என்னும் குறிக்குள் அப்பட்டியை எழுதினால், அது பெயரற்ற பெட்டியே. 2014இல் பரிந்துரையாக வெளிவந்த எச்டிஎம்எல் 5, இதற்கெனவே 'நேவ்' என்னும் குறியை வழங்கியது. அதற்குள் இணைப்புகளைப் பட்டியலாக அமைத்தால், இது வழிகாட்டும் பகுதி, இதில் நான்கு உறுப்புகள் உள்ளன எனத் திரைவாசிப்பான் முன்னரே அறிவிக்கும். என்விடிஏ என்னும் கட்டணமற்ற திரைவாசிப்பானில் 'டி' விசையை அழுத்தி இத்தகைய பகுதிகளுக்கு நேரே தாவலாம். (அதனைத் தொடங்கிய மைக்கேல் கரனும் பார்வையற்றவரே.) ஒரே பக்கத்தில் இரு பட்டிகள் இருப்பின், ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் இடுதல் வேண்டும், இல்லையேல், தேர்வு முடிவைத் தேடுபவர் எது எப்பட்டி என அறியாது இரண்டையும் கேட்டுப் பார்க்க நேரும்.